எண்ணெய்க் கறையில் ஒரு கண்டம்

திவ்யதர்ஷினி கண்ணு, சங்கத்து ஆண்டு மலர்ல 'நம் உறுப்பினர்' பக்கத்துக்கு எங்க வீட்டுக்காரரைப் பத்தி எழுதித் தாங்க ஆன்ட்டின்னு கேட்டே. ரெண்டு பக்கம் போதும், பிறந்த இடம், பார்த்த வேலை, செஞ்ச சாதனை, கூட ஒரு போட்டோன்னு சொன்னே. நீ புதுச் செயலாளர், ஏப்ரல்ல நடந்தது உனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் உன்கிட்ட வாயைத் திறக்கவும் மாட்டாங்க. நான் சொல்றேன். ஆனா இதுல ஒரு வார்த்தையை வெட்டினாலும் சங்கத்துக்கு நேரா வந்து கத்துவேன். நான் கத்துவேன்னு எங்க பேட்டை தோ பாயோவுக்கே தெரியும்.

பேரு மருதப்பன், வயசு அறுபத்து மூணு. பிறந்தது செம்பவாங், இந்தத் தீவோட வடக்குக் கரை. அவங்கப்பா அங்க கப்பல் பட்டறையில துரு சுரண்டுற வேலை பார்த்தவரு. இவரு பாலிடெக்னிக்ல படம் வரையப் படிச்சாரு. முதல்ல கடல் ஆழம் அளக்கற ஒரு கம்பெனி, அப்புறம் இருபத்தோரு வருஷமா பூமியை ஆராயற ஒரு இடத்துல வரைபடம் போடுற வேலை. அந்த இடத்துப் பேரை நான் எழுத மாட்டேன். ஒரு தடவை அந்தப் பேரை அச்சுல போட்டுப் பட்டது போதும்.

குணம்னு பார்த்தா, பயந்த மனுஷன். பதினோராவது மாடியில குடியிருந்துக்கிட்டு லிஃப்ட்டுக்குப் பயம். தனியா ஏற மாட்டாரு. யாராவது வர்ற வரைக்கும் கீழ நின்னு நோட்டீஸ் போர்டைப் படிச்சுக்கிட்டிருப்பாரு. டெங்கி நோட்டீஸ் அவருக்கு மனப்பாடம். விலாசம் தெரிய ஜன்னல் வச்ச ஆபீஸ் கவர் தபால்ல வந்தா பிரிக்கவே மாட்டாரு, நான்தான் பிரிக்கணும். நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா கை நடுங்கும். எங்க கல்யாணத்துல வந்தவங்களுக்கு நன்றி சொல்ல மைக்கைக் கொடுத்தாங்க. வாங்கிப் பார்த்துட்டு என்கிட்ட நீட்டிட்டாரு. நான்தான் பேசினேன். அன்னைக்கு ஆரம்பிச்சது, முப்பத்தஞ்சு வருஷமா அவருக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். அதுலதான் வந்தது வினை.

அவர் வேலையை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. மேல சாட்டிலைட் சுத்துதுல்ல, அதுல சிலது படம் எடுக்கறதில்ல. பூமியோட இழுப்பு எந்த இடத்துல கொஞ்சம் கூட, எந்த இடத்துல கொஞ்சம் குறைச்சல்னு அளக்குது. இன்னும் சிலது கீழ இருக்கற பாறையோட காந்தத்தை அளக்குது. இவர் ஆபீஸ் மேடம் டாக்டர் ஃபஸீலா இருக்காங்களே, நாகூர்க் குடும்பம், ஆனா மூணு தலைமுறையா இங்கதான், அவங்க ஆராய்ச்சியே இதுதான். இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்துல ஒட்டிக்கிட்டிருந்த நிலம். அது பிரிஞ்சு நகர்ந்து போனப்புறம் ஒவ்வொரு துண்டும் அடியில எப்படி மாறிப்போச்சுன்னு பாக்கறாங்க. அண்டார்டிகாவுல ஐஸ் கிலோமீட்டர் கணக்குல கிடக்குதாம், கீழ எட்டிப் பார்க்க முடியாது. மேலருந்து அளந்தாத்தான் உண்டு. அளந்து வந்த நம்பரை எல்லாம் கலர் படமா ஆக்கறதுதான் எங்க வீட்டுக்காரர் வேலை.

ஒருநாள் காலையில நான் தோசை ஊத்திக்கிட்டிருந்தப்ப இவரா வந்து சொன்னாரு. "பூவு, நம்ம தென்னாட்டுப் பாறை காந்தப் படத்துல நீலமாத் தெரியுது. அண்டார்டிகா கரையில அதே பாறை சிவப்பாத் தெரியுது. பார்க்கறவன் ரெண்டும் வேறன்னு நினைப்பான். ஆனா பூமிக் காந்தத்தோட நடுக்கோடு நம்ம தெற்குக் கோடி பக்கமாப் போகுது. அந்தக் கோட்டுக்கிட்ட இருக்கற பாறை படத்துல தலைகீழாத்தான் விழும். அதைக் கணக்குப் போட்டு நிமிர்த்திட்டா ரெண்டும் ஒண்ணு." முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோசை ஆறுது, சாப்பிடுங்க"ன்னேன்.

கலர் சரியா வராத படத்தை எல்லாம் ஆபீஸ்ல தூக்கிப் போடுவாங்க. இவருக்குக் காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராது. பெரிய பெரிய தாளா, நல்ல கெட்டிக் காகிதம். சுருட்டி வீட்டுக்குக் கொண்டாந்துருவாரு. நான் அதை அலமாரித் தட்டுல விரிப்பேன், முறுக்கு வடிய வைப்பேன், பலகாரம் சுத்திக் கொடுப்பேன். தீபாவளிக்கு நான் ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்யறவ, உங்கம்மாகூட வாங்குவாங்களே. எங்க வீட்டு உளுந்து டப்பா எல்லாம் அண்டார்டிகா மேலதான் நிக்கும்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் ரெங்கசாமி அண்ணே அதிரசம் வாங்க வந்தாரு. சங்கத் தலைவர்தான், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால அச்சுக்கடை வச்சிருக்காரே, அவர். டப்பா தீர்ந்துபோச்சு. அதிரசத்தை அட்டையில அடுக்கி, ஒரு படத் தாளை எடுத்துச் சுத்தினேன். படம் வெளிப்பக்கம் இருந்துச்சு. இந்தியா, இலங்கை, கீழ கடல். கன்னியாகுமரிக்குத் தெற்கால பெருசா ஒரு கருநீலத் திட்டு.

அண்ணே அதையே பார்த்தாரு. "என்ன தங்கச்சி இது, கடலுக்குள்ள?"

அது என்னன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? ஆனா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு விருந்துல எங்க வீட்டுக்காரரை யாருக்கோ அறிமுகப்படுத்தினப்ப இதே அண்ணே, "இவரு மருதப்பன், ஏதோ ஆபீஸ்ல கோடு போடுறாரு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, இவரும் சேர்ந்து சிரிச்சாரு. எனக்கு அது உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால சொன்னேன்: "அதுதாண்ணே குமரிக்கண்டம். முழுகிப்போன நம்ம நிலம். சாட்டிலைட்ல தெரிஞ்சிருச்சு. எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாரு. ஆபீஸ்ல எல்லாரும் அசந்து போயிட்டாங்க."

அண்ணே கண்ணுல தண்ணி வந்துருச்சு. "நிஜமாவா தங்கச்சி?"

"பின்ன? பொய்யா சொல்றேன்?"

பொய்தான் சொன்னேன். இவ்வளவு பெரிய பொய்யை அரிசிமாவுக் கையோட நின்னு சொன்னேன். அவர் போனதும் அடுத்த ஈடு அதிரசத்தைத் தட்டப் போயிட்டேன், மறந்தே போச்சு.

ஏப்ரல் முதல் வாரம், சாயங்காலம். இவர் வேலை முடிஞ்சு வந்தாரு. லிஃப்ட்ல தனியா ஏறி வந்திருக்காரு. அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. கையில ஒரு சின்னப் புத்தகம். மேஜையில வச்சுட்டு உக்காந்தாரு. முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். தமிழ்மொழி விழாவுக்கு நம்ம சங்கம் போட்ட வெளியீடு. அட்டையில அந்தப் படம். அதுமேல சிவப்புக் கோட்டால ஒரு கண்டத்தோட எல்லை வரைஞ்சிருந்துச்சு. கீழ, 'விண்கோள் கண்ட குமரிக்கண்டம்: விஞ்ஞானி மருதப்பனின் கண்டுபிடிப்பு'ன்னு கொட்டை எழுத்து. அவர் வேலை பார்க்கற இடத்துப் பேரும் இருந்துச்சு.

அந்தச் சிவப்புக் கோடு எதைச் சுத்திப் போட்டிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு வட்டம் ஒட்டினாப்பல, ஒரு பக்கம் வழிஞ்சு, நீலத்துமேல இருட்டா ஒரு தடம். அது நிலமும் இல்ல, கடலும் இல்ல. என் அதிரசத்து எண்ணெய். பின்பக்கத்துலருந்து ஊறி மேல வந்த எண்ணெய்க் கறை. அச்சுக்காரருக்கு எண்ணெய்க் கறை தெரியாதான்னு நீ கேட்பே. ஆசை வந்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. எனக்கு அன்னைக்கு வாய் போனாப்பல அவருக்குக் கண்ணு போயிருச்சு.

"இது இன்னும் வெளியிடாத படம் பூவு"ன்னாரு. "மேடம் கையில யாரோ இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்காங்க. என்னைக் கூப்பிட்டாங்க. எப்பவும் அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு மிஸ்டர் மருதப்பன்னாங்க."

"என்ன கேட்டாங்க?"ன்னேன்.

"எப்படி வெளிய போச்சு, யாரு இப்படிச் சொன்னதுன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஜூன்ல அவருக்கு அறுபத்து மூணு முடியுது, ஓய்வு வயசு. அதுக்கு மேலயும் வேலையில வச்சுக்கறதாப் பேச்சு. மேடமே சொல்லியிருந்தாங்க, பேப்பர்ல கையெழுத்துதான் பாக்கி. அந்த ஆராய்ச்சியில இன்னும் ரெண்டு வருஷ வேலை கிடக்கு, அதை முடிச்சுட்டுத்தான் வீட்ல உக்காரணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை. இப்ப அந்த வேலை என் வாயால போகப்போகுது. நான் அந்த நிமிஷம் சொல்லியிருக்கணும். 'நான்தாங்க சொன்னேன்'னு ரெண்டு வார்த்தை. எழுந்து போய் டீ போட்டேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செஞ்சேன். சொல்லவே வெக்கமா இருக்கு. அலமாரித் தட்டுல விரிச்சிருந்த படம் எல்லாத்தையும் உருவினேன். டப்பாவை எல்லாம் தரையில இறக்கி, ஒரு தாள் விடாம கிழிச்சு, பையில கட்டி, குப்பைக் குழாயில போட்டேன். பதினோரு மாடி கீழ விழற சத்தம் கேட்டுச்சு. போலீஸ் வந்து பார்க்கும்னு நினைச்சேனா, மேடம் வந்து பார்ப்பாங்கன்னு நினைச்சேனா, தெரியல. பயம் வந்தா புத்தி எங்க இருக்கு?

சாயங்காலம் அவர் சீனி எடுக்க அலமாரியைத் திறந்தாரு. டப்பா எல்லாம் இருக்கு, அடியில படம் இல்லாத வெறும் தட்டு. நான் அடுப்படியில முதுகைக் காட்டி நின்னுக்கிட்டிருந்தேன். கதவு மூடற சத்தம் வரல. அப்புறம் மெதுவா மூடிட்டு, "சீனி தீர்ந்துபோச்சு போல"ன்னாரு. சீனி டப்பா அவர் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன்னு கேட்காதே. போன் அடிச்சா யாருன்னு பார்த்துட்டுத்தான் எடுப்பேன். கதவைத் தட்டினா மேடமோன்னு பயம், ரெங்கசாமி அண்ணேயோன்னு அதைவிடப் பயம். அண்ணே வாயைத் திறந்தா போச்சு, 'உன் பொஞ்சாதிதான்யா சொன்னா'ன்னு ஒரு வார்த்தை போதும். தேக்கா மார்க்கெட்டுக்குக்கூடப் போகல. மீன் இல்லாம ஒரு வாரம். எங்க மக ரக்ஷனா போன்ல, "என்னம்மா, உங்க குரலே சரியில்ல, யூ ஓகே ஆ?"ன்னு கேட்டா. "தொண்டை கட்டிக்கிச்சுலா"ன்னேன். தொண்டை கட்டினா நல்லா இருந்திருக்கும். தீபாவளியப்பவே கட்டியிருக்கணும்.

வெள்ளிக்கிழமை அவர் எழுதிக் கொடுத்துட்டு வந்தாரு. என்ன எழுதினீங்கன்னு கேட்கத் தைரியம் இல்ல. "ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல பேசறேன்னு ரெங்கசாமி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்"னாரு. மைக்கைக் கண்டா நடுங்கறவரு. ஐயோ, நீங்களான்னேன். "வேற யாரு பேசுவா? படம் என்னோடது."

ஞாயித்துக்கிழமை தேக்காவுல நம்ம சங்கத்து மாடி ஹால் நிறைஞ்சிருந்துச்சு. எண்பது பேர் இருப்பாங்க. மேடையில அந்த அட்டைப் படத்தைப் பெருசாக்கி மாட்டி, மாலை போட்டிருந்தாங்க. என் அதிரசக் கறைக்கு மாலை! சிரிப்பு வரணும்ல? எனக்கு வாந்திதான் வந்துச்சு. ரெங்கசாமி அண்ணே வேட்டி சட்டையில ஜம்முனு இருந்தாரு. "நம்ம நிலத்தை நமக்குக் காட்டின விஞ்ஞானி"ன்னு சொல்லி மைக்கைக் கொடுத்தாரு. கைதட்டல் அடங்கவே இல்ல.

இவர் எழுதி வச்ச ஒரு தாளோட நின்னாரு. தாள் ஆடறது கடைசி வரிசை வரைக்கும் தெரிஞ்சுது. நான் மூணாவது வரிசையில சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"நான் விஞ்ஞானி இல்லீங்க"ன்னு ஆரம்பிச்சாரு. "படம் போடுற ஆளு. இந்தப் படத்துல சிவப்புக் கோடு போட்டிருக்கே, அது நிலம் இல்ல. காகிதத்துல பட்ட எண்ணெய். சாப்பிடற சாமானைப் படத்து மேல வச்சது என் தப்பு."

ஹால்ல ஒரு சலசலப்பு. யாரோ சிரிச்சாங்க. ரெங்கசாமி அண்ணே முகம் வெளுத்துப்போச்சு.

"அந்தக் கருநீலம் நிஜம்தான். அங்க பூமியோட இழுப்பு குறைச்சல். அதனால கடல் மட்டமே அந்த இடத்துல நூறு மீட்டர் கிட்டத் தாழ்ந்து கிடக்கு. கப்பல்ல போறவனுக்குத் தெரியாது, அவ்வளவு அகலமான பள்ளம். காரணம் கடலடியில இல்ல, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல. இதுதான்னு அடிச்சுச் சொல்ல இன்னும் யாராலயும் முடியல. ஆனா முழுகின கண்டம் இல்ல. ஐஸ் உருகின காலத்துல கரையோரம் கொஞ்சம் நிலம் போயிருக்கு, அது வேற. கண்டம் முழுகல."

"அப்ப நம்ம நிலம் எங்கய்யா?" பின்னாலருந்து ஒருத்தர் எழுந்து கத்தினாரு. வேலாயுதம், முன்னாடி பஸ் ஓட்டினவரு. கோவத்துல கேட்கல, அழுகை மாதிரி கேட்டாரு.

அதுக்கு இவர் செஞ்சதை நான் எதிர்பார்க்கல. கையில இருந்த தாளைப் பார்த்தாரு. முழுப் பேச்சும் அதுலதான் இருக்கு. அதை நடுவுல கிழிச்சாரு. ஒரு துண்டை இந்தக் கையில, ஒரு துண்டை அந்தக் கையில தூக்கிக் காட்டினாரு.

"முழுகலங்க, பிரிஞ்சுது. இது நம்ம தென்னாடு. இது அண்டார்டிகா. நடுவுல இருக்கற கடல் அப்புறம் உண்டானது. இங்க நிக்கற பாறைக்கு அங்க ஐஸுக்கு அடியில ஜோடி இருக்கு. காந்தத்தை அளந்தா தெரியுது, நான் நிமிர்த்திப் பார்த்தேன். இது ஓடிவந்துச்சு, ஓடிவந்ததுல அடி தேஞ்சுபோச்சுன்னு எங்க மேடம் நினைக்கிறாங்க. அது அங்கேயே கிடந்து குளிர்ந்துபோச்சு. இப்ப ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. ஆனா கிழிஞ்ச ஓரம் பொருந்துது, பாருங்க." ரெண்டு துண்டையும் சேர்த்து வச்சாரு. கை அவ்வளவு நடுங்கியும் ஓரம் பொருந்தி நின்னுச்சு. வேலாயுதம் அண்ணே உக்காந்துட்டாரு.

அப்பத்தான் முன்வரிசையில ஒருத்தர் கேட்டாரு. "அது சரி. அப்ப இதைக் குமரிக்கண்டம்னு தலைவர்கிட்ட யாரு சொன்னா?"

ரெங்கசாமி அண்ணே எழுந்தாரு. எழுந்து நேரா என்னைப் பார்த்தாரு. என் காதுல ஒரு சத்தமும் இல்ல. அவர் வாய் திறக்கறது தெரிஞ்சுது. சேலைத் தலைப்பை நான் கடிச்சுக்கிட்டிருந்தேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, பல்லுத் தடம் இருந்துச்சு.

"நான்தான் சொன்னேன்"ன்னாரு இவர், மைக்குல. அவ்வளவு சத்தமா அவர் பேசி நான் கேட்டதே இல்ல. "பெருமைக்காகச் சொன்னேன். அண்ணன் மேல தப்பு இல்ல. மன்னிச்சுக்குங்க."

அண்ணே இவரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. இவர் கையை லேசாத் தூக்கினாரு, வேணாம்ங்கற மாதிரி. அண்ணே உக்காந்துட்டாரு.

எண்பது பேர். முப்பத்தஞ்சு வருஷமா எவன் வாய்க்கும் பயப்படாதவ நான். லிஃப்ட் ரிப்பேர்னா டவுன் கவுன்சிலையே உலுக்கறவ. எழுந்து 'அவர் இல்ல, நான்'னு சொல்ல வேண்டிய இடத்துல உக்காந்தே இருந்தேன். ஒருத்தர் என் பக்கத்துல, "பாவம், பெருமைக்கு ஆசைப்பட்டுட்டாரு"ன்னு சொன்னாங்க. அதுக்கு நான் தலையை வேற ஆட்டினேன், கண்ணு. ஆட்டினேன்.

வெளிய வந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஞாயித்துக்கிழமைக் கூட்டம் இடிச்சுக்கிட்டுப் போகுது, பூக்கடை, பாட்டுச் சத்தம், எதுவும் எனக்கு உறைக்கல. பிளாட்பாரத்துல நின்னப்ப கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"என் படத்து மேல அதிரசம் வேற யாரு வைப்பா பூவு?"

"எப்பத் தெரியும்?"

"புத்தகத்தைப் பார்த்தப்பவே. தட்டுல படம் இல்லாதப்ப நிச்சயமாச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஆபீஸ்ல எழுதினதை மாத்திக் கொடுங்க, நாளைக்கே. நான் வந்து சொல்றேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. வீட்டுக்குக் கொண்டுபோனது நான், வெளிய கொடுத்தது நான், சொன்னதும் நான்னு."

"வேலை போயிருமேங்க."

"போகும்னுதான் பயமா இருக்கு"ன்னாரு. ஒளிக்காமச் சொன்னாரு. "ஆனா அந்த ஹால்ல அத்தனை பேரும் திரும்பி உன்னைப் பார்க்கறதை நினைச்சேன். அது இன்னும் பயமா இருந்துச்சு." ரயில் வந்துருச்சு. எனக்கு இடம் பிடிச்சுக் கொடுத்துட்டு அவர் நின்னுக்கிட்டு வந்தாரு.

ஜூன்ல கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் வரல. ஒரு ஜன்னல் வச்ச கவர்தான் வந்துச்சு. அதை அவரே பிரிச்சாரு. கடைசி நாள் மேடம் அவர்கிட்ட, "கழிவுக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதை நான் பெருசா எடுத்திருக்க மாட்டேண்ணே. ஆனா தெரிஞ்சே பொய்யை நம்ம பேர்ல சொல்லிட்டீங்களே, அதை எப்படி விடறது"ன்னு கேட்டாங்களாம். அண்ணேன்னுதான் கூப்பிட்டாங்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைஞ்சுது. இப்பக் காலையில எழுந்து சட்டையைப் போட்டுக்கிட்டு, எங்க போறதுன்னு தெரியாம, கீழ போய் நோட்டீஸ் போர்டைப் படிக்கிறாரு. ரெங்கசாமி அண்ணே என்னை ஒருநாள் மார்க்கெட்ல பார்த்துட்டு, பார்க்காத மாதிரி போயிட்டாரு. அவருக்கும் தெரியும். எங்க மூணு பேருக்கு மட்டும் தெரியும். இப்ப உனக்கு.

சாதனை என்னன்னு கேட்டேல்ல? தலைகீழா விழுந்ததை நிமிர்த்தறதுதான் இருபத்தோரு வருஷமா அவர் செஞ்சது. அதுல ஒரு பொய்கூட இல்ல. மேடம்கிட்ட அவர் சொன்ன ஒரே பொய் என்னால சொன்னது.

அவர் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கலைன்னு கேள்விப்பட்டேன். மேடம்கிட்ட நேர்ல போய்ச் சொல்லலாம்னு ரெண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை லிஃப்ட் வரைக்கும், ஒரு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும். அவர் எண்பது பேர் முன்னாடி நின்னாரு, எனக்கு ஒருத்தர் முன்னாடி நிக்க முடியல. பயந்தவர்னு ஊரெல்லாம் கேலி பண்ணினது நான்தான்.

அதனால இப்படிச் செய். மலர்ல அவர் போட்டோ போட வேணாம். அந்தப் பழைய அட்டைப் படத்தையே போடு, சிவப்புக் கோட்டோட. அடியில இதை எழுது: 'இது கண்டம் இல்லை. தோ பாயோ பூவம்மா செய்த அதிரசத்தின் எண்ணெய். குமரிக்கண்டம் என்று சொன்னதும் பூவம்மாதான், மருதப்பன் இல்லை.' முதல் பிரதியை டாக்டர் ஃபஸீலாவுக்கு அனுப்பிடு, விலாசம் பின்பக்கம் இருக்கு. இனிமே தீபாவளிக்கு யாரும் என்கிட்ட பலகாரம் வாங்கலன்னாலும் சரி. அவர் இன்னும் இந்தக் கடுதாசியைப் பார்க்கல, பார்த்தா கிழிச்சிருவாரு. இப்ப லிஃப்ட் திறக்கற சத்தம் கேக்குது, தனியாத்தான் வர்றாரு. கை நடுங்குது, எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ.

பூவம்மா மருதப்பன்